ஒரே வண்டி, இரண்டு பெயர்: ஆஸ்திரேலியாவின் கார் தொழில் மூடப்பட்ட கதை

1989இல் ஆஸ்திரேலியாவில் ‘டொயோட்டா லெக்ஸன்’ என்று ஒரு கார் விற்பனைக்கு வந்தது. 1983இல் அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டியில் அமெரிக்கர்களைத் தோற்கடித்த படகை வடிவமைத்தவர் பென் லெக்ஸன். அவர் நினைவாக வைத்த பெயர் அது. பெயரும் உள்ளூர், வண்டியும் உள்ளூர்தான். ஆனால் அது டொயோட்டாவின் வண்டி இல்லை. முன்பக்கக் கிரில்லையும் சின்னத்தையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் அச்சு அசல் போட்டி நிறுவனமான ஹோல்டனின் கமடோர். அதே எஞ்சின், அதே கதவு, அதே டேஷ்போர்டு. பதிலுக்கு டொயோட்டாவின் கேம்ரியை ஹோல்டன் வாங்கி, ‘அப்பல்லோ’ என்று தன் சின்னத்தை ஒட்டி விற்றது.

வாங்க வந்தவர்களுக்கு இது புரியாமல் இல்லை. கமடோர் வேண்டும் என்றவர் ஹோல்டன் கடைக்கே போனார். கேம்ரி வேண்டும் என்றவர் டொயோட்டா கடைக்குப் போனார். ஒட்டுப்போட்ட வண்டிகள் இரண்டு பக்கமும் மந்தமாகத்தான் விற்றன. இதற்காகவே இரு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் 1996இல் கலைந்தது.

ஆஸ்திரேலியக் கார் தொழிலின் முடிவைப் பேசுகிற பலர், ஹோல்டன் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த 2013 டிசம்பரிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். நான் லெக்ஸனிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நோய் என்ன என்பது அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டது மாதிரி காட்டிக்கொண்டார்கள், சாப்பிடவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அசெம்பிளி லைனில் நின்றவர்கள்.

சுவருக்குள் வளர்ந்த தொழில்

1948 நவம்பர் 29 அன்று மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை அறிமுகம் செய்துவைத்தார். விலை வரியோடு 733 ஆஸ்திரேலிய பவுண்டு. ஹோல்டன் அதற்குள் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கைக்குப் போய்ப் பதினேழு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் ஜனங்கள் அதைத் தங்கள் கார் என்றே நினைத்தார்கள். 1856இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் தைக்கும் கடையாகத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அல்லவா.

ஃபோர்டு 1925இலேயே ஜீலாங்குக்கு வந்துவிட்டது. 1959இல் மெல்பர்னின் வடக்கே பிராட்மெடோஸில் பெரிய ஆலை கட்டி, அடுத்த ஆண்டு அங்கிருந்து ஃபால்கன் காரை வெளியே அனுப்பியது. டொயோட்டா 1963 முதல் இங்கே கார் செய்தது. கிரைஸ்லர் 1964இல் அடிலெய்டின் டான்ஸ்லியில் ஆலை திறந்தது, 1980இல் அது மிட்சுபிஷியிடம் போனது. நிசானும் இருந்தது. ஜனத்தொகை ஒன்றரைக் கோடி இருந்த 1980களின் தொடக்கத்தில் ஐந்து நிறுவனங்கள் பதின்மூன்று மாடல்களை உள்நாட்டிலேயே செய்துகொண்டிருந்தன.

எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? சுங்கவரிதான். இறக்குமதிக் காருக்கு 57.5 சதவீதம். 10,000 டாலர் வண்டி துறைமுகத்தைத் தாண்டும்போதே 15,750 டாலர் ஆகிவிடும். அதற்கு மேல், எத்தனை வண்டி உள்ளே வரலாம் என்கிற கோட்டாவும் இருந்தது.

இந்தச் சுவருக்குள் ஊர்களே உருவாயின. அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் என்ற ஊர் 1955இல் புதிதாக உண்டாக்கப்பட்டது. மாநில அரசின் வீட்டு வசதி அமைப்பு வீடுகளைக் கட்டிக்கொடுத்தது, பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், பக்கத்திலேயே ஹோல்டன் ஆலை. அப்பா பாடி ஷாப்பில் வெல்டிங், மகன் பெயின்ட் ஷாப், மருமகள் இருக்கை தைக்கும் சப்ளையரிடம். இப்படி ஒரு வீட்டின் அத்தனை சம்பளமும் ஒரே வண்டியிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். நல்ல காலத்தில் இது பலம். கெட்ட காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு வீட்டின் எல்லா வருமானமும் நின்றுபோகும்.

பிராட்மெடோஸில் கதை வேறு. அங்கே லைனில் நின்றவர்களில் பெரும்பாலானோர் கிரீஸ், இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியா என்று பல தேசங்களிலிருந்து வந்தவர்கள். 1973இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் சுமார் இரண்டு மாதம் நீடித்தது. ஜூன் 13 அன்று ஆத்திரத்தில் ஆலையின் சுவரையே இடித்துத் தள்ளினார்கள். கூலி மட்டும் பிரச்சினையில்லை. லைனின் வேகத்தைக் குறை, கழிப்பறைக்குப் போக ஆள் மாற்றிவிடு, மனுஷனாக நடத்து என்பதே கோரிக்கையின் உயிர். கார் தொழிலாளி வசதியாக இருந்து கெட்டான் என்று பின்னால் பேசியவர்கள் இந்த 1973ஐ ஒருமுறை படித்திருக்கலாம். அந்த வேலை கௌரவமான வேலையாக ஆனது தானாக நடக்கவில்லை, போராடி ஆக்கியது.

மருந்துச் சீட்டு

1984இல் தொழில்துறை அமைச்சர் ஜான் பட்டன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பதின்மூன்று மாடல் வேண்டாம், ஆறு போதும். ஐந்து நிறுவனம் வேண்டாம், மூன்று போதும். கோட்டாவை எடுத்துவிட்டு வரியைப் படிப்படியாகக் குறைப்போம். அதற்குள் நிறுவனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணிக்கையைக் கூட்டி, தரத்தை உயர்த்தி, வெளிநாட்டில் விற்கப் பழக வேண்டும்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று பிரஸ் ஷாப்பில் போய் நின்றால் புரியும். ஒரு காரின் பக்கவாட்டுத் தகட்டை அழுத்தி எடுக்க ராட்சத எஃகு அச்சுகள் வேண்டும். ஒரு அடியில் வடிவம், அடுத்த அடியில் ஓரம் வெட்டு, அடுத்ததில் துளை என்று ஒரு தகட்டுக்கே ஒரு வரிசை அச்சு. அந்த அச்சுகளைச் செய்ய ஆகும் செலவு, அதில் 50,000 தகடு அடித்தாலும் 3 லட்சம் தகடு அடித்தாலும் ஒன்றுதான். பெயின்ட் ஷாப்பும் அப்படியே, வண்டியை வடிவமைக்கும் செலவும் அப்படியே. மொத்தத்தையும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு வண்டியின் அடக்கவிலை. வகுக்கிற எண் சின்னதாக இருந்தால் தொழிலாளி சும்மா வேலை செய்தாலும் கணக்கு இடிக்கும்.

கார் தொழிலை ஆராய்ந்த அரசின் உற்பத்தித்திறன் ஆணையம், ஒரு ஆலை கட்டுப்படியாக ஆண்டுக்கு 2 முதல் 3 லட்சம் வண்டியாவது செய்ய வேண்டும் என்றது. 2013இல் ஃபோர்டு, ஹோல்டன், டொயோட்டா மூன்றும் சேர்ந்து செய்தவையே சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம். மூன்று நிறுவனத்தையும் சேர்த்தால் ஒரு ஆலைக்கான வேலைதான் இருந்தது.

பட்டன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஆலைகளை இணைப்பதற்குப் பதில் நிறுவனங்கள் சின்னங்களை மாற்றி ஒட்டின. லெக்ஸன் அப்படிப் பிறந்ததுதான். நிசானின் பிண்டாராவுக்கு ஃபோர்டு சின்னம் ஒட்டி ‘கோர்சேர்’ என்று விற்றார்கள். காகிதத்தில் மாடல் குறைந்தது. தரையில் ஆலைகளும் முதலாளிகளும் தனித்தனியாகவே இருந்தார்கள். டெட்ராய்ட்டில் ஒரு முதலாளி, ஜப்பானில் ஒரு முதலாளி. ஆஸ்திரேலியாவில் ஒரே ஆலை இருந்தால் நல்லது என்பதற்காக அவர்களில் எவரும் தன் கடையைப் போட்டியாளரிடம் கொடுக்கப்போவதில்லை. அரசிடம் இருந்த ஒரே கருவி வரி. அதை அது குறித்த நேரத்தில் தவறாமல் குறைத்தது. 1988இல் 45 சதவீதம், 2000இல் 15, 2005இல் 10, 2010இல் 5. சுவர் இறங்கியது, உள்ளே வீடு கட்டி முடியவில்லை.

நிசான் 1992இல் தன் கிளேட்டன் ஆலையை மூடியது. மிட்சுபிஷி 2008 மார்ச்சில் டான்ஸ்லியை மூடியது. ஐந்து மூன்றாகிவிட்டது, பட்டன் கேட்ட எண்ணிக்கை வந்துவிட்டது. ஆனால் போன இருவரின் இடத்தை மீதமிருந்த மூவர் நிரப்பவில்லை, இறக்குமதி நிரப்பியது. 2013இல் நாடு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாகனங்களை வாங்கியது. அதில் உள்நாட்டில் செய்தது ஏறக்குறைய பத்தில் ஒன்று. அறுபதுக்கு மேற்பட்ட பிராண்டுகள் அந்தச் சின்னச் சந்தையில் போட்டி போட்டன.

டாலர் ஏறியபோது

நடுவில் நல்ல காலமும் வந்தது. 2001இல் ஆஸ்திரேலிய டாலர் 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. வெளியே விற்பவனுக்கு அதைவிட நல்ல காற்று வேறில்லை. டொயோட்டா கேம்ரிகளை மத்திய கிழக்குக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது. ஹோல்டனின் மொனாரோ அமெரிக்காவில் போன்டியாக் ஜிடிஓ ஆனது, பின்னால் கமடோரே போன்டியாக் ஜி8 ஆகப் போனது.

அப்புறம் சீனா இரும்புத் தாதையும் நிலக்கரியையும் வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. சுரங்கத்தில் பணம் கொட்டியது, ஆஸ்திரேலிய டாலர் ஏறியது. 2011 ஜூலையில் ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு 1.10 அமெரிக்க டாலர்.

இதை ஒரு தொழிலாளியின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியை வெளிநாட்டில் 20,000 அமெரிக்க டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய டாலர் 75 சென்ட்டாக இருந்தால் ஆலைக்கு வருவது சுமார் 26,700 ஆஸ்திரேலிய டாலர். அதே டாலர் 1.05 ஆனால் வருவது சுமார் 19,000. அதே வண்டி, அதே விலை, அதே உழைப்பு. ஆனால் ஒரு வண்டிக்கு 7,600 டாலர் காற்றோடு போய்விட்டது. உள்நாட்டிலும் அதே அடிதான், மறுபக்கத்திலிருந்து: இறக்குமதிக் கார் அதே அளவுக்கு மலிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு வண்டி செய்ய வெளிநாட்டைவிட 3,750 டாலர் கூடுதலாக ஆகிறது என்று ஹோல்டன் தலைவர் மைக் டெவெரூ 2013இல் சொன்னார். தொழிலாளியின் கூலி பற்றிய பெரும் விவாதமே அந்த எண்ணைச் சுற்றித்தான் நடந்தது. நாணயம் தின்றது அதைப்போல இரண்டு மடங்கு.

மற்ற அடிகளும் விழுந்தன. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. போன்டியாக் பிராண்டையே மூடினார்கள், ஜி8 ஏற்றுமதி அதோடு முடிந்தது. எலிசபெத்தில் அந்த ஆண்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல், ஒரே ஷிஃப்டை இரண்டு குழுக்கள் மாறி மாறிச் செய்து இருக்கிற வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். பங்குபோட்டுப் பிழைத்த அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னால் யாரும் பேசவே இல்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

2005 ஜனவரியில் தாய்லாந்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அங்கே செய்த பிக்கப்புகள் வரியில்லாமல் உள்ளே வந்தன. இங்கிருந்து ஃபோர்டின் டெரிட்டரி எஸ்யூவி அங்கே போகலாம் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பெரிய எஞ்சின் வண்டிகளுக்கு தாய்லாந்து போட்ட உள்நாட்டு வரியால் அந்தக் கதவு திறந்தும் திறக்காத மாதிரிதான்.

வாங்குபவர் மனசும் மாறியிருந்தது. கமடோர் 1996 முதல் 2010 வரை பதினைந்து ஆண்டு நாட்டிலேயே அதிகம் விற்ற கார். 2011இல் அந்த இடத்தை மாஸ்டா 3 பிடித்தது. குடும்பங்கள் ஒன்று சின்ன வண்டிக்குப் போயின, இல்லை எஸ்யூவிக்குப் போயின. பெரிய செடானையே ஃபோர்டும் ஹோல்டனும் பிடித்துக்கொண்டு நின்றது நிர்வாகத்தின் தவறு, அதைச் சொல்லத்தான் வேண்டும். லைனில் நிற்பவரிடம் எந்த வண்டி செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மாதம்

2013 மே 23: 2016 அக்டோபரில் ஆலைகளை மூடுவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 1,200 பேருக்கு வேலை போகும். ஐந்தாண்டில் 60 கோடி டாலர் நஷ்டம் என்றார்கள்.

ஆகஸ்டில் எலிசபெத் தொழிலாளர்கள் ஓட்டுப்போட்டார்கள். மூன்று ஆண்டுக்குச் சம்பள உயர்வு வேண்டாம், ஆலை இருந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பரில் ஆட்சி மாறியது. புதிய அரசு கார் தொழிலுக்கான உதவியில் 50 கோடி டாலரை வெட்டுவதாகச் சொல்லியே வந்திருந்தது.

டிசம்பர் 10 அன்று மெல்பர்னில் உற்பத்தித்திறன் ஆணையத்தின் விசாரணையில் டெவெரூ உட்கார்ந்திருந்தார். இன்னும் முடிவு எடுக்கவில்லை என்றார். அதே நாள் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் ஜோ ஹாக்கி, இருக்கிறீர்களா இல்லையா, வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று ஹோல்டனுக்குச் சவால் விட்டார். மறுநாள் பதில் வந்தது: 2017க்குள் உற்பத்தி நிறுத்தம், 2,900 பேருக்கு வேலை போகும்.

அந்தச் சவால்தான் ஆலையை மூடியது என்று இன்றும் கோபமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது, காரணம் மட்டும் சரியில்லை. இவ்வளவு பெரிய முடிவை டெட்ராய்ட் ஒரு பேச்சைக் கேட்டு ஒரே இரவில் எடுக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு பேச்சுவார்த்தை மேஜையில் இருக்கும்போது ஒரு நிதியமைச்சர் அப்படிப் பேசினார் என்பது நின்றுவிட்டது. தொழிலாளர்கள் அதை மறக்கவில்லை, மறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2014 பிப்ரவரி 10 அன்று டொயோட்டாவும் அறிவித்தது. மெல்பர்னின் ஆல்டோனா ஆலையில் சுமார் 2,500 பேர். இதற்குத் தொழிற்சங்கத்தின் பிடிவாதமே காரணம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. வேலை நிபந்தனைகளை மாற்ற டொயோட்டா நடத்தவிருந்த ஓட்டெடுப்பை டிசம்பரில் நீதிமன்றம் தடுத்திருந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தொழிற்சங்கத்தைத் தாங்கள் ஒருபோதும் குறைசொல்லவில்லை என்று டொயோட்டாவே அறிக்கை விட்டது.

டொயோட்டாவின் சிக்கல் என்ன என்பதற்கு இருக்கையை எடுத்துக்கொள்வோம். கார் இருக்கையைச் சேமித்து வைப்பதில்லை. லைனில் அடுத்து வருவது சிவப்பு வண்டியா, கறுப்புத் தோல் இருக்கையா, துணியா என்ற வரிசை சப்ளையருக்குக் கணினியில் போகும். அதே வரிசையில் தைத்து, பூட்டி, லாரியில் ஏற்றி, சில மணி நேரத்துக்குள் லைனின் பக்கத்தில் இறக்க வேண்டும். அதனால் இருக்கை செய்பவர் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வார்ப்பு, பிளாஸ்டிக் பம்பர், வயரிங், கண்ணாடி என்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சப்ளையர்கள். அவர்களில் பலர் மூன்று நிறுவனத்துக்கும் சேர்த்துச் செய்தார்கள். ஃபோர்டு போனால் அந்த சப்ளையரின் வேலையில் ஒரு பங்கு போகும், ஹோல்டனும் போனால் அவரால் ஆலையை ஓட்ட முடியாது. பிறகு டொயோட்டாவுக்குப் பாகம் கொடுக்க ஆளில்லை.

மூவரும் ஒரே தரையில் நின்றிருந்தார்கள். அந்தத் தரை எந்த ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பார்த்தால் லாப நஷ்டக் கணக்கில் சரியாகவே இருந்திருக்கும். சேர்த்துப் பார்ப்பது அரசின் வேலை. 1997 முதல் 2012 வரை வரியாகவும் மானியமாகவும் சுமார் 3,000 கோடி டாலர் இந்தத் தொழிலுக்குப் போனது என்று ஆணையம் கணக்கிட்டது. அவ்வளவு கொடுத்த அரசு, ஒருவர் போனால் மற்றவர் என்ன ஆவார் என்று மூவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான்.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

2016 அக்டோபர் 7 அன்று ஃபோர்டின் கடைசி ஃபால்கன். 2017 அக்டோபர் 3 அன்று டொயோட்டாவின் கடைசி கேம்ரி. அக்டோபர் 20 அன்று எலிசபெத்தில் ஹோல்டனின் கடைசி கமடோர், சிவப்பு நிறம். கடைசி நாளில் அங்கே மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 950 பேர்.

அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே மூன்று ஆண்டுக்கு மேல் இடைவெளி கிடைத்தது. இது பெரிய விஷயம். உலகத்தில் எத்தனையோ ஆலைகளில் காலையில் வேலைக்கு வந்தவர் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். இங்கே நிறுவனங்களும் மாநில, மத்திய அரசுகளும் பணம் போட்டு, ஆலைக்குள்ளேயே வேலைமாற்ற மையங்களை வைத்தார்கள். வேலை நேரத்திலேயே அங்கே போகலாம்.

அங்கே நடந்தது எளிய வேலை, ஆனால் கூச்சம் நிறைந்தது. இருபது, முப்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்குச் சுயவிவரக் குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. என்ன தெரியும் என்று கேட்டால் ‘லைனில் வேலை’ என்பார். கிளறிக் கிளறிக் கேட்டால் வெளியே வரும்: ரோபோ நின்றால் மறுபடி ஓட்டத் தெரியும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், கதவின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் தப்பினால் விரலால் தடவியே சொல்லிவிடுவார், புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். எதற்கும் சான்றிதழ் இல்லை. கையில் இருந்த அந்தத் திறமையை அளந்து, வெளியே செல்லுபடியாகும் காகிதமாக மாற்றித் தருவதுதான் அந்த மையங்கள் செய்த மிக உருப்படியான காரியம். முதியோர் பராமரிப்பு, கிடங்கு, லாரி ஓட்டுதல், கட்டுமானம் என்று பலர் பிரிந்து போனார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு யாருக்காகத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். கேட்டுக்குள் இருந்த நிரந்தரத் தொழிலாளிக்கு. அவருக்குத் தேதி தெரியும், சேவைக் காலத்துக்கேற்ற இழப்பீடு கிடைக்கும், பலமான தொழிற்சங்கம் உண்டு. அரசுத் திட்டங்கள் பிறகு சப்ளையர்களின் ஆட்களையும் சேர்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் முப்பது பேர் வேலை செய்யும் வார்ப்படக் கூடத்தில் அப்படி ஒரு மையம் கிடையாது. அந்த முதலாளிக்கே ஆர்டர் எப்போது நிற்கும் என்று சரியாகத் தெரியாது. ஆள் சப்ளை நிறுவனம் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளி இன்னும் ஒருபடி கீழே. அவரை ஆட்குறைப்பு செய்ததாகவே கணக்கில் வராது, அடுத்த வாரத்துக்கு ஷிஃப்ட் இல்லை என்று ஒரு தகவல் வரும், அவ்வளவுதான். மொத்தமாக 40,000 பேர் வரை வேலை இழக்கலாம் என்று ஆணையம் மதிப்பிட்டபோது, அதில் மிகப் பெரும் பகுதி இப்படிக் கேட்டுக்கு வெளியே இருந்தவர்கள்.

இதெல்லாம் முன்கூட்டியே தெரியாத விஷயமும் இல்லை. மிட்சுபிஷியின் ஆட்களுக்கு என்ன ஆனது என்று அடிலெய்டின் ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து பார்த்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முழுநேர வேலைக்குப் போனார்கள். ஒரு பங்கு வேலையில்லாமல், அல்லது போதாத வேலையில் இருந்தார்கள். ஒரு பங்கு வேலை தேடுவதையே விட்டுவிட்டார்கள். ‘வேலையிலிருந்து விலகியவர்’ என்று புள்ளிவிவரத்தில் எழுதினால் ஓய்வுபெற்றவர் மாதிரி இருக்கும். ஐம்பத்தைந்து வயதில், ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர் இருபது இடத்தில் கேட்டு, பதில் வராமல், இருபத்தோராவது இடத்துக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டதும் அந்தக் கட்டத்திலேயே எண்ணப்படுகிறது.

வேலை கிடைத்தவர்களின் கணக்கிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வேலை கிடைத்தது’ என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்துவிடும். அந்த வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நிரந்தரமா, பழைய சம்பளத்தில் எவ்வளவு என்பது வேறு கேள்வி. எலிசபெத் ஏற்கெனவே வேலையில்லாதோர் அதிகமுள்ள ஊர். அங்கே வீட்டை விற்று வேலை இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்றால், அந்த வீட்டை வாங்க வருபவர் யார்?

மிச்சம்

டான்ஸ்லி ஆலையின் பெரிய அசெம்பிளிக் கட்டடத்தை இடிக்கவில்லை. அதே கூரைக்குக் கீழே இன்று பல்கலைக்கழகப் பிரிவும் தொழிற்பயிற்சிக் கல்லூரியும் சின்ன நிறுவனங்களும் இருக்கின்றன. நல்ல காரியம். எலிசபெத் ஆலையும் ஃபோர்டு ஆலைகளும் தொழில் பூங்காக்களாக மாறின. ஆனால் ஒரு இடத்தில் வேலை திரும்ப வருவதும், அங்கே முன்பு இருந்தவருக்கு வேலை திரும்ப வருவதும் வேறு வேறு.

லாரி செய்யும் தொழில் தாக்குப்பிடித்தது. மெல்பர்னின் பேஸ்வாட்டரில் கென்வொர்த் லாரிகள் இன்னும் தயாராகின்றன. ஆஸ்திரேலியச் சாலைகளின் தூரமும் பாரமும் வேறு மாதிரி, அதற்கென்றே செய்கிற லாரிக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வாடிக்கையாளர் உண்டு. கார் விஷயத்தில் அப்படி ஒரு மூலையைப் பிடித்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஹோல்டன் இறக்குமதி வண்டிகளோடு சின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தது. 2020 பிப்ரவரி 17 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பெயரையும் முடித்துவிட்டது.

ஃபோர்டு தன் பொறியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டது. ரேஞ்சர் பிக்கப் மெல்பர்னில் வரையப்படுகிறது. ஜீலாங்குக்குப் பக்கத்தில் யூ யாங்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஃபோர்டின் சோதனைத் தடத்தில் அதன் மாதிரி வண்டிகள் ஓடி, குலுங்கி, உடைந்து, திருத்தப்படுகின்றன. பிறகு வரைபடம் தாய்லாந்துக்குப் போகிறது, வண்டி அங்கிருந்து கப்பலில் வருகிறது. 2023இல் ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்ற வாகனம் அந்த ரேஞ்சர்தான். ஃபால்கனுக்கு எஞ்சின் வார்த்த ஜீலாங் ஆலை அந்தச் சோதனைத் தடத்திலிருந்து ரொம்ப தூரமில்லை.